நீக்க மறந்த ஒரு வரி

2011 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நிறுவனங்கள் மீதான வரியைக் குறைக்கும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம். அதன் நடுவே 'அமெரிக்கன் லெஜிஸ்லேட்டிவ் எக்ஸ்சேஞ்ச் கவுன்சிலின் நோக்கம்' பற்றி ஒரு வரி. ஒரு தனியார் அமைப்பின் நோக்கத்துக்கு அங்கே என்ன வேலை? அவர்கள் தந்த மாதிரியை அப்படியே எடுத்துப் போட்டவர், அந்த வரியை நீக்க மறந்துட்டார். அவ்வளவுதான். பிறகு அதை வாபஸ் வாங்கி, அந்த வரி இல்லாமல் மறுபடி தாக்கல் செய்தார்.

1973ல் தொடங்கிய இந்த அமைப்பைச் சுருக்கமாக 'அலெக்' என்பார்கள். மாநில சட்டமன்ற உறுப்பினர்களும் நிறுவனப் பிரதிநிதிகளும் ஒரே குழுவில் உட்கார்ந்து மாதிரி மசோதா தயாரிக்கிறார்கள். ரெண்டு தரப்புக்கும் ஓட்டு உண்டு. உறுப்பினர்களுக்கு சந்தா பெயரளவுக்கு. நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர். 2011 ஜூலையில் 800க்கும் மேற்பட்ட மாதிரி மசோதாக்கள் கசிந்த பிறகுதான் பலருக்கும் விஷயமே தெரிந்தது.

'காசு கொடுத்து வாங்கிட்டாங்க' என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 பேர். சம்பளம் வருஷத்துக்கு 100 டாலர். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, 140 நாள். சட்டம் வரைய நேரமும் இல்லை, உதவிக்குப் போதிய ஆளும் இல்லை. சமைக்க ஆளில்லாத வீட்டு வாசலில் சாப்பாட்டு கேரியர் வந்து இறங்கினால், யார் சமைத்தது என்று எத்தனை பேர் கேட்பார்கள்? அலெக்சாண்டர் ஹெர்டெல்-ஃபெர்னாண்டஸ் 2019ல் வெளியிட்ட 'ஸ்டேட் கேப்சர்' நூலும் இதைத்தான் காட்டுகிறது: அனுபவமும் உதவியாளர்களும் குறைந்த உறுப்பினர்களே இந்த மாதிரிகளை அதிகம் நம்பியிருக்கிறார்கள்.

'மாதிரிச் சட்டம் எழுதுறது நாங்க மட்டுமா?' என்று அலெக் தரப்பில் கேட்கலாம். நியாயமான கேள்விதான். யூனிஃபார்ம் லா கமிஷன் 1892லிருந்தே அதைச் செய்கிறது. ஆனால் அதன் வரைவுக் கூட்டங்களுக்குப் பொதுமக்களும் போகலாம். எழுதியது யார் என்பதும் ஒளிவுமறைவில்லை. அலெக்கில் நிறுவனங்கள் ஓட்டுப் போடுவது மூடிய அறைக்குள். சட்டமன்றத்துக்கு வரும்போது மசோதாவில் இருப்பது உறுப்பினரின் பெயர் மட்டும். ஆகவே காப்பி அடிப்பதல்ல என் புகார், மூலத்தை மறைப்பதுதான்.

இது வெறும் வரி விவகாரம் இல்லை. ஆபத்து என்று கருதினால் பின்வாங்காமல் சுடலாம் என்ற ஃபுளோரிடாவின் 2005ஆம் வருஷச் சட்டத்தை, தேசிய ரைஃபிள் சங்கத்தின் முயற்சியால் அதே வருஷம் அலெக் மாதிரி மசோதாவாக ஏற்றது. அந்த வகைச் சட்டம் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குப் பரவியது. 2012 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில், ஆயுதம் எதுவும் இல்லாத 17 வயது ட்ரேவான் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டபோது எழுந்த கோபத்தில் கோக், மெக்டொனால்ட்ஸ் எல்லாம் அலெக்கை விட்டு விலகின. பொதுப் பாதுகாப்பு, தேர்தல் விவகாரங்களைக் கவனித்த குழுவை அலெக் கலைத்தது. ஏற்கெனவே நிறைவேறிய சட்டங்கள் அப்படியே இருந்தன.

ஒவ்வொரு மசோதாவின் முதல் பக்கத்திலும், முதல் வரைவை எழுதியது யார் என்று ஒரு வரி கட்டாயமாக இருக்கணும். ஃபுளோரிடாவில் அது மறதியால் நடந்தது.