வள்ளி திருமணத்தில் ஆள்மாறாட்டம்

தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித்தேர் பத்துமலை நோக்கிச் செல்லும்பொழுது, முருகனோடு வீற்றிருக்கும் வள்ளியையும் கைகூப்பி வணங்குகிறோம். அவ்வள்ளிதான் முருகனை முன்னே நின்றவன் முருகன் என்று அறியாமல் ஏசி விரட்டியவள் என்பது அவ்வேளையில் நினைவுக்கு வருவதில்லை. வந்தால் சிரிப்பு எழும். அச்சிரிப்பின்மேல் எழுந்த இசை நாடகமே சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றிய 'வள்ளி திருமணம்'.

கதை யாவரும் அறிந்ததே. முருகனையன்றி வேறொருவரை மணப்பதில்லை என்று உறுதி பூண்ட குறமகள் தினைப்புனம் காக்கிறாள். நாரதர் தூண்டிவிட, முருகன் வேடனாய் வந்து வசை வாங்குகிறான். நம்பிராசன் வரவே வேங்கை மரமாகிறான். பின்னர்க் கிழவனாகித் தேனும் தினைமாவும் உண்டு, நீர் பருகி, காதலும் வேண்டுகிறான். மீண்டும் வசை. விநாயகர் யானையாய் வர, அஞ்சிய வள்ளி கிழவனைத் தழுவுகிறாள். மெய்யுரு வெளிப்படுகிறது.

மேனாட்டு இசை நாடகங்களிலும் இத்தகைய மாறாட்டம் உண்டு. வியன்னாவில் 1874ஆம் ஆண்டு அரங்கேறிய யோகான் ஸ்ட்ராசின் 'வௌவால்' நாடகத்தில், முகமூடியணிந்த தன் மனைவியையே வேற்று மாது என்று எண்ணிக் காதல் பேசும் கணவன், தன் கடிகாரத்தையும் பறிகொடுக்கிறான். அவன் பேச்செல்லாம் மனைவிக்குச் செய்யும் வஞ்சகம். நம் நாடகமோ நேர்மாறு. வள்ளியின் ஒவ்வொரு வசையும் முருகன்பால் அவள் கொண்ட அன்புக்குச் சான்று. ஏச்சு வாங்குபவனே அவ்வன்புக்கும் உரியவன். அவை சிரிப்பதும் வள்ளியைக் கண்டு அன்று. தாடி நடுங்கத் தினைமாவு விக்கி நிற்கும் தெய்வத்தைக் கண்டே.

இம்மாறாட்டத்தின் வேர் நம் அகத்திணையில் உள்ளது. மானைத் தேடி வந்ததாகச் சொல்லும் வேடனைக் கண்டவுடன், திருக்கோவையார் பயிற்றியவர்க்குக் 'கலைமான் வினாதல்' என்னும் துறை நினைவுக்கு வரும். தேடும் மான் எதிரே நிற்பவளே. வேங்கையோ இன்னும் நயமானது. வேங்கை பூத்தால் தினை கொய்யும் காலம் வந்துவிடும், புனங்காவல் முடியும், களவும் தடைப்படும். தன் களவுக்கு எல்லை கட்டும் மரத்துக்குள்ளேயே தலைவன் ஒளிகின்றான்! இதைச் சுவாமிகள் எண்ணி அமைத்தாரோ என்று வினவ வேண்டுவதில்லை. கச்சியப்பரின் கந்தபுராணத்திலேயே வேங்கை நிற்கிறது.

யானைக் காட்சியும் 'களிறுதரு புணர்ச்சி' என்பதன் வழிவந்ததே. ஆனால், அகப்பாட்டில் களிறு தற்செயலாய் வரும், தலைவன் காப்பான். இங்கே தலைவனே அண்ணனை அழைத்துக் களிற்றை வருவிக்கிறான். நகைச்சுவைக்கு இது பொருந்தும். எனினும் எனக்கு ஒரு குறையுண்டு. சொல்லால் இருமுறை வென்றவளை மூன்றாம் முறை அச்சத்தால் வெல்வது எங்ஙனம் காதலாகும்? தழுவிய அக்கணமே தாடியைக் களைந்து மயில்மேல் ஏறும் நடிகர், வள்ளியின் உறுதி அத்தனையையும் யானையின் காலடியில் போட்டுவிடுகிறார். யானை அகன்றபின் வள்ளி தன் கையை விடுவித்துக்கொண்டு, நாணமும் சினமுமாய் விலகி நிற்க ஒரு கணம் வேண்டும். முருகன் வெளிப்பட வேண்டியது அதற்குப் பின்பே. அப்போது அவன் வென்றவனாக அன்று, தோற்றவனாகவே தோன்றுவான்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பள்ளி விழாவுக்கென்று இதனை ஒரு மணி நேரத்துக்குள் அடக்க விரும்பும் ஆசிரியர் எதையேனும் வெட்டித்தான் ஆகவேண்டும். நாரதர் தருக்கத்தை வெட்டலாம். பாட்டுச் சிலவற்றையும் குறைக்கலாம். கிழவனின் பசியிலும் தாகத்திலும் கத்தரி வைக்கலாகாது. எதிரே நிற்பவன் யார் என்று அறியாமலே வள்ளி அவனுக்கு மாவும் நீரும் கொடுக்கும் இடம் அது ஒன்றே.