ஏடும் அட்டவணையும்

சதுரங்கம் ஆடும் கம்ப்யூட்டருக்கு இரண்டு துணைகள் உண்டு. ஒன்று, தொடக்க ஏடு. பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிப் பார்த்து நல்லதென்று கண்ட ஆரம்ப நகர்த்தல்களின் தொகுப்பு அது. மற்றொன்று, முடிவு அட்டவணை. பலகையில் சில காய்களே மிஞ்சும்போது யாருக்கு வெற்றி, எப்படி என்பதை அது சொல்லிவிடும். இவற்றைப் பிடுங்கிக்கொண்டால்தான் யந்திரத்தின் திறமை தெரியும் என்பது ஒரு கட்சி. மனிதனும் படித்துவிட்டுத்தானே ஆட வருகிறான் என்பது எதிர்க்கட்சி. இரு கட்சியாரும் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல என்பது என் அபிப்பிராயம்.

முடிவு அட்டவணை கேள்விஞானம் அல்ல. ராஜா தப்ப வழியின்றி அகப்பட்ட நிலைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னோக்கிக் கணக்கிட்டு யந்திரமே தயாரித்தது அது. இரண்டு பிஷப்புகளுக்கு எதிரே ஒற்றைக் குதிரை, சரியான இடத்தில் நின்றால், ஆட்டத்தைச் சமன் செய்துவிடும் என்று நூறு வருஷங்களுக்கு மேல் நம்பி வந்தார்கள். 1983-ல் கென் தாம்ஸனின் கணக்கு அதைப் பொய்யாக்கிற்று. அநேகமாகப் பிஷப்புகளே ஜெயிக்கும். குதிரையை வெட்ட 66 நகர்த்தல்கள் வரை பிடிக்கலாம், அவ்வளவுதான். 2018-க்குள், ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை அட்டவணை வந்துவிட்டது. நிரூபணமான உண்மையை உபயோகிப்பதில் இழுக்கு என்ன?

தொடக்க ஏடு வேறு ரகம். அது நிரூபணம் அல்ல; பிறருடைய அபிப்பிராயம். 1997 மே 11-ம் தேதி, டீப் புளூவுக்கும் காஸ்பரோவுக்கும் நடந்த பந்தயத்தின் கடைசி ஆட்டம். எட்டாவது நகர்த்தலில் யந்திரம் குதிரையைப் பலி கொடுத்தது. பத்தொன்பதாவது நகர்த்தலோடு காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தப் பலி யந்திரம் யோசித்துக் கண்டதல்ல. ஏட்டில் மனிதர்கள் எழுதி வைத்திருந்தது. விதிப்படி வெற்றி வெற்றிதான். ஆனால் யந்திரம் சிந்தித்ததற்குச் சாட்சியாக அந்த நகர்த்தலைக் கூப்பிட முடியாது.

2017 டிசம்பரில் ஆல்ஃபா ஸீரோவைப் பற்றிய செய்தி வெளிவந்தது. விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு, தன்னோடு தானே ஆடிக் கற்ற யந்திரம் அது. ஸ்டாக்ஃபிஷோடு ஆடிய 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 சமன், தோல்வியே இல்லை. எதிராளிக்கு ஏடு கொடுக்கவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். நியாயமான குறைதான். 2018-ல் வெளியான விவரப்படி, ஏடு வைத்திருந்த ஸ்டாக்ஃபிஷையும் அது வென்றது. எனக்கு வியப்பளித்த விஷயம் வேறு. யாரும் சொல்லித்தராமலே, குவீன்ஸ் காம்பிட், இங்கிலீஷ் போன்ற பழைய தொடக்கங்களுக்கு அது தானே வந்து சேர்ந்தது. ஏட்டில் இருந்தது பொய்யல்ல என்பதற்கு, ஏட்டைத் திறக்காத ஒன்றே சாட்சி சொல்லிவிட்டது!

ஆகவே, பந்தயத்தில் ஜெயிப்பதுதான் நோக்கமென்றால் இரண்டும் இருக்கட்டும். யந்திரத்துக்கு யோசிக்கத் தெரியுமா என்பதே கேள்வியானால், அட்டவணை இருக்கட்டும். ஏட்டை மூடிவிட வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். மரபை மனப்பாடம் செய்தவனும், தன் காலால் நடந்து அதே மரபுக்கு வந்து சேர்ந்தவனும் ஒரே மாதிரி முதல் வாக்கியத்தை எழுதிவிட முடியும். இரண்டாவது வாக்கியத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.