புகையின் சாட்சியம்

மலையிலே புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று நிச்சயிப்பதை அனுமானப் பிரமாணத்துக்கு உதாரணமாகத் தர்க்க சாஸ்திரிகள் சொல்வது வழக்கம். எஹலியகொடப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலோ அது சாஸ்திரமன்று, அன்றாடப் பழக்கம். புகைக்கூடத்திலிருந்து எழும் புகையின் நிறத்தைத் தூரத்திலேயே பார்த்து, அடுப்பிலிட்ட விறகு ஈரமா காய்ந்ததா என்று சொல்லிவிடுவார்கள். வேகத்துக்காகத் திருத்தியமைத்த காரில் சிறு மீட்டரொன்றைப் பொருத்தி, எஞ்சினுக்குள் காற்றும் பெற்றோலும் எந்த விகிதத்தில் எரிகின்றன என்று பார்த்துக்கொண்டே ஓட்டுகிற நவீன வழக்கமும் இந்த வித்தையின் வாரிசுதான்.

ஒரு பங்கு பெற்றோல் மிச்சமின்றி எரிய நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆயினும் முழு வலுவை நாடும்போது 12.5 அல்லது 13 என்ற அளவிலும், டர்போ பூட்டிய எஞ்சினில் அதற்கும் கீழேயும் கலவையைப் பெற்றோல் மிகுந்ததாக, ‘ரிச்’ ஆக வைப்பதே மரபு. தொழிற்சாலையார் தம் பாகங்களுக்கென வகுத்த கணக்கு, இன்ஜெக்டரையும் சைலன்சரையும் டர்போவையும் மாற்றியதும் பொய்த்துப்போகிறது. முழு வேகத்தில் பெற்றோல் குறைந்து கலவை ‘லீன்’ ஆனால், உஷ்ணமும் எஞ்சின் தட்டலும் சேர்ந்து பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும்.

1934 முதல் நுவரெலியாவில் மலையேற்றப் போட்டி நடந்துவரும் மகாகஸ்தோட்டப் பாதைக்கு, எஹலியகொடவிலிருந்து அவிசாவளை, ஹட்டன் வழியாகப் போகிறவன், 1,800 மீற்றருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்திருப்பதையும், தாழ்நாட்டில் சரிசெய்த காபரேட்டர் அங்கே ரிச்சாகிக் கறுப்புப் புகை கக்குவதையும் காண்பான். முற்காலத்துக்காரர், முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றி, வெளுப்பானால் லீன், கரியானால் ரிச், பழுப்பானால் சரி என்று தீர்மானித்தனர். 1970களின் பிற்பகுதியில் வொல்வோ கார்களில் அறிமுகமான ஆதி ஒட்சிசன் சென்சரும் 14.7க்கு இப்புறமா அப்புறமா என்பதை மட்டுமே தெளிவாகச் சொல்லிற்று; பின்வந்த வைட்பேண்ட் சென்சரே 11, 12, 13 என்று இலக்கத்தில் பேசியது. ஆய்வுகூடத்துக்கு மட்டுமே உரியதாயிருந்த அறிவு சாதாரணக் கராஜுக்கு வந்துசேர்ந்ததை அற்பமென்று தள்ள நான் ஒருப்படேன்.

ஆனால், இந்தச் சாதனம் பெற்றோலை ஒருபோதும் பார்ப்பதில்லை. புகையிலுள்ள ஒட்சிசனைப் பார்த்துப் பெற்றோலை அனுமானிக்கிறது. பனிமூட்டத்தைப் புகையென்று மயங்குவதை ஏதுப்போலி என்பார்கள். அந்த மயக்கம் இங்கும் உண்டு. ஒரு சிலிண்டரில் பொறி தவறினால், எரியாத பெற்றோலோடு எரியாத ஒட்சிசனும் வெளியேற, மீட்டர் ‘லீன்’ என்கிறது. அதை நம்பி மேலும் பெற்றோலைக் கூட்டுகிறவன் நோயையே மருந்தென்று ஊட்டுகிறான். சென்சருக்கு முன்னே குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்து, வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் இதே மயக்கந்தான்.

இதனினும் பெரிய குறை, நான்கு சிலிண்டர்களின் புகையும் கலந்த பின்னரே அது தீர்ப்புரைப்பது. சராசரி என்பது நாகரிகமான பொய். தீப்பொறியின் நேரம் பொருந்தியதா, தொட்டியிலுள்ளது 92 ஒக்டேனா 95ஆ என்பவற்றை அது சொல்லாது; ஒரே 12.5இல் ஒரு கார் சுகமாக ஓட, மற்றொன்று தட்டிக்கொண்டு சாகலாம். அந்நிய தேசத்து எஞ்சினொன்றுக்குச் சொன்ன இலக்கத்தை வேதவாக்காகக் கொள்வோரைக் காணும்போது எனக்குப் பரிதாபமே உண்டாகிறது. வளைவுகளில் கண்ணை மீட்டரில் வைப்பதோ தற்கொலைக்குச் சமானம். அளவுகளைப் பதிவுசெய்து, வண்டியை நிறுத்திய பிறகு வாசிப்பதே விவேகம்.

ஈயம் கலந்த பெற்றோல் சென்சரை விரைவில் கெடுத்துவிடும்; இலங்கையில் அது 2002இல் நீங்கியபோது இந்தப் புதிய சாட்சிக்கு ஆயுள் நீண்டது. விநோதமாக, அதே மாற்றத்தால் பிளக்கில் படியும் நிறம் மங்கி, பழைய சாட்சியின் குரல் தாழ்ந்துவிட்டது. தாழ்ந்ததேயன்றி அடங்கவில்லை. ஓட்டம் முடிந்ததும் நான்கு பிளக்குகளையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தால், மூன்று பழுப்பாகவும், இன்ஜெக்டர் அடைபட்ட சிலிண்டருடையது மட்டும் வெளுத்தும் கிடக்கக் காணலாம். அந்த ஓட்டம் முழுவதும் மீட்டர் 12.5 என்றே காட்டிக்கொண்டிருந்திருக்கும்.