மீடியத்துக்குப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

வியாபாரத்துக்காக எழுதுகிறவர்களுக்கு மார்க்கெட்டிங் ஆட்கள் சொல்லும் ஒரு அறிவுரை பத்து வருஷமாக மாறவே இல்லை. வாசகர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போய் எழுதுங்கள். உங்கள் சொந்தத் தளத்தில் நீளமாக எழுதினால் யார் வந்து படிப்பார்கள்? மீடியத்தில் போடுங்க, லிங்க்டுஇன்னில் போடுங்க, கூட்டம் ஏற்கெனவே அங்கேதான் இருக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை அப்படியே நம்பிப் போன கம்பெனிகளுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் எழுதிப் பார்த்ததில்லை. கொஞ்ச நாளாக அதைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிடித்த உதாரணம் 'சிக்னல் வெர்சஸ் நாய்ஸ்'. பேஸ்கேம்ப் மென்பொருளைச் செய்யும் சிகாகோ கம்பெனியின் வலைப்பதிவு இது. ரூபி ஆன் ரெயில்ஸும் இந்தக் கம்பெனியிலிருந்து வந்ததுதான். 1999லிருந்து எழுதினார்கள். "புது வசதி வந்திருக்கு, வாங்குங்க" என்கிற வகை எழுத்து இல்லை. விலையை எப்படி வைப்பது, ஆளை எப்படி எடுப்பது, ஏன் கூட்டங்களைக் குறைக்க வேண்டும் என்று சண்டை போடுகிற மாதிரி எழுதுவார்கள். 2010ல் வந்த 'ரீவொர்க்' புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அந்தக் குரல் தெரிந்திருக்கும். அந்தக் கம்பெனிக்கு விளம்பரப் பலகையே அந்த வலைப்பதிவுதான்.

2016ல் அதை மீடியத்துக்கு மாற்றினார்கள். காரணம் புரியக்கூடியதுதான். எழுதுவதற்கு அவ்வளவு சுத்தமான எடிட்டர் அன்று வேறெங்கும் கிடையாது, படிக்கவும் எழுத்துரு கண்ணுக்கு இதமாக இருந்தது. சர்வர் பராமரிக்கிற தலைவலியும் இல்லை. ஆனால் 2019 ஜனவரியில் வெளியே வந்து வேர்ட்பிரஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

இடையில் நடந்தது இதுதான். 2017 ஜனவரியில் மீடியம் 50 பேரை வேலையை விட்டு அனுப்பியது, விளம்பர வருமானத்தை நம்பிய பாதையைக் கைவிட்டது. அதே வருஷம் மார்ச்சில் மாதம் 5 டாலர் சந்தா வந்தது. வாசகரைச் சந்தாதாரராக ஆக்குவதுதான் இனி அந்தத் தளத்தின் பிழைப்பு. அப்படியானால், இலவசமாகத் தன் கருத்தைப் பரப்ப நினைக்கிற ஒரு கம்பெனியின் கட்டுரை அங்கே என்ன வேலை செய்யும்? சந்தா கேட்கும் பெட்டிக்குப் பின்னணியாக நிற்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் வழக்கமான விமரிசனத்தோடு எனக்கு உடன்பாடில்லை. "சமூக ஊடகத்தை நம்பாதே, ஒரு நாள் மூடிவிடுவான்" என்பார்கள். மூடியதும் உண்டுதான். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. ஃபேஸ்புக் நோட்ஸில் 2020 அக்டோபருக்குப் பிறகு புதிதாக எழுத முடியாமல் போனது. ட்விட்டர் 2021ல் வாங்கிய ரெவ்யூவை 2023 ஜனவரியிலேயே இழுத்து மூடியது. ஆனால் மீடியம் மூடவில்லையே, இன்றைக்கும் நன்றாகவே ஓடுகிறது. தளம் உயிரோடு இருக்கும்போதே அதன் வருமான வழி மாறும், உங்கள் கட்டுரையின் வேலையும் அதோடு மாறிவிடும். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான் என்பது என் கட்சி.

சரி, வெளியே வந்தவர்களால் எப்படி வர முடிந்தது? அதற்கான பதில் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. ஃப்ரீகோட்கேம்ப், ஹேக்கர்நூன் இரண்டும் 2019ல் மீடியத்தை விட்டு விலகின. இரண்டுமே மீடியத்துக்குள் இருந்தபோதும் சொந்த டொமைன் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் டிஎன்எஸ் பதிவைப் புது சர்வர் பக்கம் திருப்பினால் போதும், பழைய இணைப்புகளைப் பிடித்துவிடலாம். மீடியம் டாட் காம் என்ற முகவரியிலேயே எழுதிய கம்பெனிக்கு இந்த வழி கிடையாது. கட்டுரையை எடுத்துக்கொண்டு போகலாம், முகவரியை எடுத்துக்கொண்டு போக முடியாது. வருஷக்கணக்கில் மற்றவர்கள் கொடுத்த இணைப்பெல்லாம் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். 2017 நவம்பரில் புதிதாகச் சொந்த டொமைன் இணைப்பதையே மீடியம் நிறுத்தியது. 2021ல் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் திரும்பக் கொடுத்தது. நடுவில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கதவே இல்லை.

ஃபேஸ்புக்கின் இன்ஸ்டன்ட் ஆர்டிக்கிள்ஸ் இதற்கு நேர்மாறான கதை. 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ், கார்டியன் உட்பட 9 நிறுவனங்களோடு தொடங்கி, 2023 ஏப்ரலில் நின்றுபோனது. நின்றபோது யாருடைய கட்டுரையும் காணாமல் போகவில்லை. மூலக் கட்டுரை அவரவர் தளத்தில்தான் இருந்தது; ஃபேஸ்புக்கில் இருந்தது அதன் பிரதி.

மீடியத்தைத் தொடங்கிய இவான் வில்லியம்ஸ்தான் அதற்கு முன் பிளாக்கரையும் உருவாக்கியவர். அது 2003லிருந்து கூகுளிடம் இருக்கிறது. சொந்த டொமைனை இணைக்க இன்றைக்கும் காசு கேட்பதில்லை. தமிழ்மணம் காலத்தில் நம்மவர்கள் பிளாக்ஸ்பாட்டில் எழுதியது, அவர்களே அழிக்காதவரை, இன்னும் திறக்கிறது. அதே ஆட்கள் 2013 வாக்கில் ஃபேஸ்புக்கில் எழுதிய நீண்ட பதிவு ஒன்றைத் தேடி எடுத்துப் பாருங்கள், கஷ்டம் புரியும்.

எதிர்த்தரப்பு வாதத்திலும் பலம் இருக்கு. தன் பெயரையே விற்கிற ஆலோசகருக்கு லிங்க்டுஇன் போதும். அவருடைய வாடிக்கையாளர் அங்கேதான் இருக்கிறார், மூன்று மாசத்துக்கு முந்தைய கட்டுரையை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இயந்திரம் விற்கிறவர் கதை வேறு. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் செய்கிற நண்பர் ஒருவர், உப்பு படிவது பற்றியும் சவ்வு மாற்றுவது பற்றியும் அருமையாக எழுதுவார். எல்லாம் சமூக ஊடகத்தில்தான். அந்தச் சந்தேகம் ஒருவருக்கு நாலு வருஷம் கழித்து வரும், கூகுளில் தேடுவார். அன்றைக்குத் தினம் பத்து பேர் வந்தாலும் பத்து பேரும் வாங்க வருகிறவர்கள்.

அவரிடம் சொன்னேன்: முதலில் உங்கள் தளத்தில் போடுங்க, ஒரு வாரம் கழித்து மீடியத்தின் இறக்குமதி வசதி வழியாக அங்கேயும் போடுங்க. மூலம் எதுன்னு தேடுபொறிக்குச் சொல்லும் கெனானிக்கல் குறிப்பை அதுவே சேர்த்துவிடும். ஒப்புக்கொண்டார். "சரி, டொமைன் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டேன். வெப்சைட் செய்து கொடுத்த பையன் பேரில் இருக்கிறதாம். அவன் இப்போது போன் எடுப்பதில்லை. புதுப்பிக்கும் தேதி என்றைக்கு என்று இருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.