சுட்டும் குறியீடும்: ரவிவர்மாவின் ஓவியம் ஒன்று

இராஜா ரவிவர்மா 1893-இல் தீட்டிய, 'அதோ அப்பா வருகிறார்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பால் அறியப்படும் ஓவியத்தில் அப்பா இல்லை. குழந்தையை ஏந்தி நிற்கும் தாயின் பார்வை இடப்புறமாகச் சட்டகத்திற்கு வெளியே செல்கிறது. தாயின் உருவம் ஓவியரின் மகள் மகாபிரபையைக் கொண்டு வரையப்பட்டது.

தலைப்பின் முதற்சொல் சேய்மைச் சுட்டு. சுட்டப்படும் பொருளைப் பேசுவோரின் சூழலே உணர்த்தும். இங்கு அச்சூழல் நமக்கு மறைக்கப்படுகிறது. காத்திருத்தல் என்னும் உணர்வு இம்மறைப்பினின்றே பிறக்கிறது.

மருமக்கள்தாய முறை தளர்ந்து, தந்தையை மையமாகக் கொண்ட குடும்பம் உருவானதன் குறியீடாக இவ்வோவியத்தைத் திறனாய்வாளர் சிலர் கொள்வர். 1896-இல் மலபார் திருமணச் சட்டம் இயற்றப்பட்டமை இக்கருத்துக்கு அரண் செய்யும். எனினும் தலைப்பை நீக்கின், வருபவர் தந்தையே என்பதற்கு ஓவியத்துள் சான்றில்லை. தாய்மாமனாகிய காரணவராகவும் இருக்கலாம். அவரை விலக்குவது 'அப்பா' என்னும் ஒரு சொல்லே.

மேலும், இங்குத் தந்தை இல்லத்தில் உறைபவர் அல்லர், வருபவர். மனைவியின் தறவாட்டிற்குக் கணவன் வந்து செல்லும் பழைய வழக்கத்திற்கும் இக்காட்சி பொருந்துகிறது. ஆகவே தலைப்பு புதிய உறவைப் பெயரிட, உருவம் பழைய அமைப்பையே காட்டுகிறது எனலாம். குறியீட்டை இவ்விரண்டனுள் ஒன்றில் மட்டும் தேடுவது பொருந்தாது.