பதினெட்டு வருஷத் துப்பு

துப்பறியும் கதையை மட்டமாக நினைப்பவன் அல்ல நான். அது சுலபம் என்று சொல்லுகிறவர்கள் ஒன்று எழுதிப் பார்க்கட்டும். ஆனால் அந்த ஜாதிக் கதைக்கு ஒரு சங்கடம் உண்டு. கொலையாளி யார் என்று தெரிந்த மறு நிமிஷமே புஸ்தகத்துக்கு உயிர் போய்விடுகிறது. ரயிலில் படித்ததை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம்.

பழைய சீனக் கதைக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் அதிகம் இருந்ததில்லை. தாங் வம்சத்து நீதிபதி தீ ரென்ஜியேயைப் பற்றிய நாவல் ஒன்றை டச்சுக்காரரான ராபர்ட் வான் கூலிக் 1949-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். சீனக் குற்றக் கதைகளில் குற்றவாளியைப் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே காட்டிவிடுவது வழக்கம் என்கிறார் அவர். ஆள் எப்படி அகப்படுகிறான் என்பதில்தான் ருசி. 2020-இல் ஷின் ஷுவாங் என்ற டைரக்டர் எடுத்த 'தி பேட் கிட்ஸ்' தொடரும் இந்த வழியில்தான் போகிறது. மாமனார் மாமியாரை மலை உச்சியிலிருந்து மருமகன் தள்ளிவிடுவதை முதலிலேயே பார்த்துவிடுகிறோம்.

அவரே 2023-இல் எடுத்த 'தி லாங் சீசன்' பன்னிரண்டு பாகத் தொடர். இதில் கொலையாளியை மறைத்துத்தான் வைத்திருக்கிறார். இருந்தும் முடிவு தெரிந்த பிறகு நான் இரண்டாம் தடவை உட்கார்ந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஹுவாலின் என்ற கற்பனை ஊர். வடகிழக்குச் சீனாவில் உருக்காலையை நம்பி வாழ்ந்த ஊர்களின் சாயல். வாங் ஷியாங் ஆலையின் ரயில் என்ஜின் டிரைவர். ஆலை ஊழியன் என்பதிலே அபாரக் கர்வம். 1998-இல் ஊரில் ஒரு பயங்கரக் கொலை நடக்கிறது. அதை ஒட்டி அவருடைய பிள்ளையும் சாகிறான். 2016-இல் அவர் நரைத்துப்போன டாக்ஸி டிரைவர். உறவுக்காரனான கோங் பியாவ் வாங்கிய காரில் போலி நம்பர் விவகாரம் கிளம்ப, அதைத் துரத்தப் போய்ப் பழைய கேஸ் தலைதூக்குகிறது. துணைக்கு வருகிறார் மா தெஷெங். அந்தக் கேஸோடு போலீஸ் வேலையை விட்டவர், இப்போது லத்தீன் நடனம் ஆடிக்கொண்டிருக்கிறார்!

இந்த மூன்று பேரும்தான் கதை. துப்பறிகிற சாமர்த்தியம் ஒருவருக்கும் அதிகமில்லை. வாய்ச்சண்டை போடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், ஏமாறுகிறார்கள். வாங் ஷியாங்காக நடிக்கும் ஃபான் வெய், ஹாஸ்ய நாடகங்களில் பேர் வாங்கிய நடிகர். துக்கத்தை அவர் முகத்தில் காட்டுவதே இல்லை; பேச்சுக்கு நடுவில் ஒரு கணம் நிறுத்துகிறார், அவ்வளவுதான். வடகிழக்கு என்றால் பனியும் இருட்டும் என்று எதிர்பார்ப்போம். இங்கே மக்காச்சோளக் கொல்லைகளும் பொன்வெயிலும். பதினெட்டு வருஷமாக ஒரே இலையுதிர் காலத்தில் ஒரு மனுஷன் நின்றுபோய்விட்டான் என்பதை அந்த வெயில் சொல்லுகிறது.

எனக்கு உறுத்துகிற கேள்வி வேறு. 1990-களின் பிற்பகுதியில் சீன அரசாங்க ஆலைகளிலிருந்து இரண்டு கோடிப் பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். தொடரிலும் வேலை போகிறவர்களின் பட்டியல் வருகிறது; அதில் வாங் ஷியாங்கின் பேரும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்ததற்குக் குற்றவாளியைத் தேடலாம். இதற்கு யாரைத் தேடுவது? துப்பறியும் கதை என்ற உருவமே ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும். ஷின் ஷுவாங்கும் பணிந்துவிடுகிறார். திருட்டு டைரக்டர் ஒருவரையும், திருட்டுக்கு உடந்தையான காவல் பிரிவுத் தலைவரையும் நிறுத்துகிறார். பார்க்கிறவனுக்குத் திருப்திதான். ஆனால் யோக்கியமான டைரக்டர் இருந்தாலும் அதே பட்டியல்தானே வந்திருக்கும்? இந்த இடத்தை அவர் தொடாமல் நகர்ந்துவிட்டார். சென்ஸார் உள்ள நாட்டில் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமா என்றும் யோசிக்கத்தான் வேண்டும்.

இன்னொரு குறை, ஷென் மோ என்ற அந்தப் பெண். அவள் தலையில் கட்டிய கொடுமைகளுக்கு அளவே இல்லை. நாலில் ஒரு பங்கு போதும், மனம் நம்பியிருக்கும். பாவம், கொலைக்குக் காரணம் காட்ட வேண்டிய சுமை முழுவதையும் அவளே தூக்குகிறாள். இரண்டாம் தடவை பார்த்தபோது அந்தப் பகுதிகளை வேகமாகத் தள்ளிவிட்டு, மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டே டாக்ஸியில் போகிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.