வாசற்படியில் நின்றுவிடும் பயணங்கள்

சிங்கப்பூர் சென்று திரும்பியோர் எழுதும் பயணக் கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும் கருத்து ஒன்று உண்டு. ஒரே தெருவில் கோவிலும் மசூதியும் அருகருகே நிற்கின்றன. என்னே அந்நாட்டின் மத நல்லிணக்கம் என்பதே அது. எழுதுவோர் மாறுகின்றனர், இதழ்கள் மாறுகின்றன, இக்கருத்து மட்டும் மாறுவதில்லை. நம் பங்கு மலர்களிலும் ஆண்டு மலர்களிலும் வெளியாகும் கட்டுரைகளும் இதற்கு விலக்கல்ல. சைனாடவுனுக்கு ஒரு பத்தி, லிட்டில் இந்தியாவுக்கு ஒரு பத்தி, மலாய் மக்களின் கம்போங் கிளாமுக்கு ஒரு பத்தி, இறுதியில் நம் நாடு இப்படி இல்லையே என்றொரு பெருமூச்சு. கட்டுரை நிறைவுறுகிறது.

அக்கருத்து பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. அருகே நிற்பதும் உறவாக இருப்பதும் ஒன்றுதானா என்ற கேள்வியை அது எழுப்புவதேயில்லை. தமிழில் பயண எழுத்துக்கு நல்லதொரு மரபு இருக்கிறது. ஏ.கே. செட்டியார் தம்மைப் பின்னிறுத்திக்கொண்டு, தாம் கண்டதை எளிய நடையில் முன்னிறுத்தினார். அம்மரபின் அளவுகோலை எடுத்துக்கொண்டு, நம்மவர் சிங்கப்பூரின் வழிபாட்டுத் தலங்களை எவ்வாறு காண்கின்றனர் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். குறை கூறுவதில் நமக்கு ஆர்வமில்லை. எனினும் ஒரு நகரத்தின் ஆலயங்களை மேலோட்டமாகக் காண்பவர், தம் ஆலயத்தையும் அப்படியே காணப் பழகிவிடுவார் என்ற அச்சம் நமக்கு உண்டு.

தெருவை வகுத்தவர் யார்?

சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோவிலும், சூலியர் மசூதி எனப்படும் ஜாமியா மசூதியும் சில அடிகள் இடைவெளியில் நிற்கின்றன. சுற்றுலாப் பயணியர் தவறாமல் படமெடுத்துக்கொள்ளும் இடம் இது. மசூதி 1826இலும் கோவில் 1827இலும் தோன்றின. இரண்டையும் எழுப்பியவர்கள் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து சென்றவர்கள். அவ்வாறாயின் அவை சைனாடவுனின் நடுவில் நிற்பது ஏன்? நம் கட்டுரைகள் வியக்கின்றனவே தவிர, விடை தேடுவதில்லை.

விடை வரலாற்றில் இருக்கிறது. 1822இல் ராஃபிள்ஸின் ஆணைப்படி வகுக்கப்பட்ட நகரத் திட்டம், ஐரோப்பியர், சீனர், சூலியர், அரபியர், புகிஸ் மக்கள் என ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிப் பகுதியை ஒதுக்கியது. பினாங்கிலிருந்து 1819இல் ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை, கோவிலுக்கு முதலில் பெற்ற இடத்தில் நன்னீர் இல்லை. அடுத்துப் பெற்ற இடம் நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. 1823இல்தான் இன்றைய இடம் கிடைத்தது. ஆக, இன்று நாம் பண்பாட்டுப் பேட்டைகள் என்று ரசித்து நடக்கும் பகுதிகள், ஆள்வோர் மக்களைப் பிரித்து வைப்பதற்காகத் தாளில் இழுத்த கோடுகளிலிருந்து பிறந்தவை. அக்கோடுகளை மீறி வாழ்க்கை கலந்ததே உண்மையான வியப்பு. அக்கோவிலின் கோபுரத்தால் பெயர் பெற்ற பகோடா தெருவும், மசூதியால் பெயர் பெற்ற மாஸ்க் தெருவும் இன்றும் சைனாடவுனில் இருக்கின்றன. சீனரின் முகவரியில் தமிழரின் வழிபாடு கலந்திருக்கிறது. இதைக் குறிப்பிட்ட பயணக் கட்டுரை ஒன்றையேனும் நான் படித்ததில்லை.

கரையேறியவர்களின் நன்றி

தெலுக் ஆயர் தெரு இன்று உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு இடையில் ஒடுங்கிக் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்ப்பதற்கு முன்பு அதுவே கடற்கரை. அங்கே 1828க்கும் 1830க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாக ஒரு தர்காவை எழுப்பினர். சற்றுத் தள்ளி 1839 முதல் 1842 வரை சீனர்கள் தியான் ஹோக் கெங் கோவிலைக் கட்டினர். அது கடலோடிகளைக் காக்கும் அன்னைக்கு உரியது. கட்டடக்கலை, ஓடுகளின் வண்ணம், தூண்களின் சிற்பம் ஆகியவற்றை நம் கட்டுரைகள் நன்றாகவே வருணிக்கின்றன. ஆனால் இரண்டும் ஏன் கடலைப் பார்த்து நின்றன என்று சொல்வதில்லை.

அவை உயிரோடு கரைசேர்ந்தவர்களின் நன்றிக் காணிக்கைகள். புயலில் தத்தளித்த போர்த்துக்கீசிய மாலுமிகள் கரைசேர்ந்ததும் அன்னைக்கு ஆலயம் எழுப்பினர் என்ற வேளாங்கண்ணி மரபில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாகூரும் வேளாங்கண்ணியும் ஒரே கடற்கரையில், ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. அக்கரையிலிருந்து புறப்பட்ட அச்சமும் நன்றியும் தெலுக் ஆயரில் வேறு பெயரோடு இறங்கியிருக்கின்றன. நம் கொள்கையைக் கைவிடாமலே அங்கே நின்று, இவர்களும் எம்மைப் போல் கடலுக்கு அஞ்சியவர்கள் என்று உணர முடியும். அவ்வுணர்வு எழாத பயணம் வாசற்படியிலேயே நின்றுவிட்ட பயணம்.

சுவரில் இருக்கும் கைகள்

ஆங்கிலிக்கன் திருச்சபையின் புனித அந்திரேயா பேராலயம் தூய வெண்மையாக நிற்கிறது. அந்த வெண்மையைப் பாராட்டாத எழுத்தில்லை. 1856இல் தொடங்கி 1862இல் அர்ச்சிக்கப்பட்ட அப்பேராலயத்தைக் கட்டிய தொழிலாளர்கள், இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். முட்டையின் வெண்கரு, சுண்ணாம்பு, சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்துத் தேங்காய்நார் ஊறிய நீர் சேர்த்துப் பூசும் சென்னைச் சுண்ணாம்புச் சாந்து அச்சுவர்களுக்கு மெருகேற்றியது. காலில் விலங்கோடு கடல் கடந்த மக்களின் கைவண்ணத்தில் ஓர் இறைவனின் இல்லம் எழுந்தது. இதை அறியாமல் அழகு என்று மட்டும் எழுதுவது, சிலுவையை மறந்து சிலுவையின் பொன்முலாமைப் பாராட்டுவது போன்றது.

சுல்தான் மசூதியின் பொற்கூரையைப் பற்றியும் இதையே சொல்லலாம். அக்கூம்பின் அடியில் கரிய வளையம்போல் தோன்றுவது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். பெருஞ்செல்வர் மட்டுமன்றி ஏழைகளும் பங்கேற்க வேண்டும் என்பதற்காக அவர்கள் கொடுத்த புட்டிகளை அங்கே பதித்தனர். ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளை நற்செய்தியில் வாசிக்கும் நாம், அவ்வளையத்தின் கீழ் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டாமா?

நம் வீட்டுக் கதை

பிற சமயத்தாரின் தலங்களை மேலோட்டமாகக் காண்பது ஒரு குறை. நம் தலங்களையே மேலோட்டமாகக் காண்பது அதனினும் பெரிய குறை. நல்லாயன் பேராலயத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு மறைசாட்சியின் கதை இருக்கிறது. 1821இல் சிங்கப்பூர் வழியாகச் சென்ற புனித லாரென்சு இம்பெர்ட், 1839இல் கொரியாவில் தம் மந்தைக்காகத் தம்மையே கையளித்து உயிர்நீத்தார். நல்லாயன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பார் என்ற அவருடைய நினைவிலிருந்தே அப்பெயர் வந்தது.

அப்பேராலயம் பல மொழியினரையும் ஒருங்கே கொண்டிருந்தது. பின்னர் 1870இல் சீனருக்கும் தமிழருக்குமாகப் புனித பேதுரு பவுல் ஆலயம் தோன்றியது. 1888இல் தமிழர் அங்கிருந்து பிரிந்து ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயத்தைப் பெற்றனர். 1910இல் கான்டன் மொழியினருக்குத் திரு இருதய ஆலயமும், 1929இல் ஹொக்கியன் மொழியினருக்குப் புனித தெரசா ஆலயமும் அமைந்தன. தாய்மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்யவும் மறையுரை கேட்கவும் மக்களுக்கு உரிமை உண்டு. மறைப்பணியாளர்கள் அதை மதித்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் பெந்தகோஸ்து நாளில் பல மொழிகளை ஒரே கூடத்தில் கேட்ட திருச்சபை, அங்கே ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கூடம் கட்டியது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். நம் தமிழ் ஆலயம் என்று லூர்து அன்னை ஆலயத்தின் முன் பெருமிதம் கொள்ளும் கட்டுரையாளர், இந்த இரட்டை உண்மையைத் தொடுவதில்லை.

இன்னும் கசப்பான பக்கம் ஒன்று உண்டு. கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, போர்க்காலத்தில் மலாய்ப் பெண்ணொருவரிடம் வளர்ந்து, இஸ்லாமியச் சிறுமியாகவே தன்னை உணர்ந்த மரியா ஹெர்டோக்கைப் பெற்றோரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று 1950இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுமி கத்தோலிக்கக் கன்னியர் மடத்தில் தங்கவைக்கப்பட்டாள். அங்கே எடுக்கப்பட்ட படங்கள் நாளேடுகளில் வெளியாகி முஸ்லிம் மக்களின் மனத்தைப் புண்படுத்தின. அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். சட்டம் பெற்றோர் பக்கம் இருந்தது. ஆயினும் பதின்மூன்று வயதுச் சிறுமியின் அழுகையையும், வளர்த்தவளின் தவிப்பையும், ஒரு சமூகத்தின் காயத்தையும் அன்று யார் எண்ணிப் பார்த்தார்கள்? கம்போங் கிளாமில் மசூதியின் நிழலில் நின்று நல்லிணக்கம் பற்றி எழுதும் கத்தோலிக்கர், இந்நிகழ்ச்சியை மறந்துவிட்டு எழுதுதல் தகாது.

ஒப்புரவு உழைப்பின் கனி

1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே மூண்ட மோதலும், அவ்வாண்டு செப்டம்பரில் தொடர்ந்த மோதலும் 36 உயிர்களைக் கொண்டுபோயின. அந்த ஜூலை 21ஐயே பள்ளிகள் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன. 1989இல் வீடமைப்புக் கழக அடுக்குமாடிகளில் எந்த இனமும் தனியே குவிந்துவிடாதவாறு இன விகிதம் வரையறுக்கப்பட்டது. 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. இவற்றில் அரசின் கை மிகக் கடினமானது, பேச்சுரிமையைச் சுருக்குகிறது என்ற குறைபாடும் உண்டு. அதுவும் சிந்திக்கத் தக்கதே.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அங்கே மக்கள் உண்மையில் சேர்ந்து வாழும் இடம் சுற்றுலாப் பட்டியலில் இல்லை. அது எழிலற்ற அடுக்குமாடியின் தாழ்வாரத்திலும், ஒரே மின்தூக்கியிலும், கீழ்த்தளத்தின் பொது வெளியிலும் இருக்கிறது; ஒரே நாளில் அங்கே ஒரு மலாய்த் திருமணமும் மறுநாள் ஒரு சீன இறுதிச் சடங்கும் நடைபெறக்கூடும். நல்லிணக்கம் இயற்கைக் காட்சியன்று. நாள்தோறும் செய்யப்படும் வேலை. பயணியின் கண்ணுக்கு அது காட்சியாகவே படுவதால்தான், நம் நாட்டில் அது இல்லையே என்று பெருமூச்சு விடுகிறான். நம் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் நிற்கும் சாதிச் சுவர்களை இடிக்க எந்தச் சிங்கப்பூரும் வரப்போவதில்லை.

புனித பவுல் ஏதென்ஸ் நகரில் நடந்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அவர் உள்ளம் கொதித்தார். ஆயினும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அந்நகர மக்களின் வழிபாட்டு இடங்களைச் சுற்றிப் பார்த்தார். பெயர் அறியாக் கடவுளுக்கென நாட்டப்பட்ட பீடத்தைக் கண்டு, அதிலிருந்தே தம் பேச்சைத் தொடங்கினார். கூர்ந்து நோக்குதல் நற்செய்திப் பணியின் முதற்படி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் சிங்கப்பூருக்கு வந்தபோது, பல சமய இளைஞர்களோடு அமர்ந்து உரையாடினார். அவரும் கட்டடங்களைக் காண வந்தவராக அன்றி, மனிதரைக் கேட்க வந்தவராகவே இருந்தார்.

லிட்டில் இந்தியா என்று சுற்றுலாத் துறை அழைக்கும் பகுதியைத் தமிழர் தேக்கா என்பர். ஞாயிறுதோறும் அங்கே நம் ஊர் இளைஞர்கள் கூடுகின்றனர்; கட்டுமானப் பணிகளில் ஆறு நாள் உழைத்தவர்கள். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. அங்கே தமிழில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. அடுத்த முறை சிங்கப்பூர் செல்லும் அன்பர், கோபுரங்களையும் குவிமாடங்களையும் படமெடுத்த பின், அவ்விளைஞருள் ஒருவரிடம், தம்பி, எந்த ஊர் என்று கேட்கட்டும். அவர் சொல்லும் விடையிலிருந்து தம் பயணக் கட்டுரையைத் தொடங்கட்டும். அக்கட்டுரையைப் படிக்க நாம் காத்திருப்போம்.